எவர்சில்வருக்கு எண் கேட்டு வாங்குக

நம் திண்டுக்கல் சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பம்பு வாங்கச் செல்லும் விவசாயி, "எல்லாம் எவர்சில்வர்தான்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் அதற்குமேல் ஒன்றும் விசாரிப்பதில்லை. இது பெரும் பிசகு. எவர்சில்வர் என்பது ஓர் இனத்தின் பெயரேயாகும். நெல்லில் பல ரகங்கள் இருப்பதுபோல் இதிலும் உண்டு.

ரகம் ஒன்றாயினும் தேசந்தோறும் பெயர் வேறுபடுவது மற்றொரு குழப்பம். அமெரிக்கர் 304 என்பதை ஜப்பானியர் எஸ்.யு.எஸ். 304 என்றும், ஐரோப்பியர் 1.4301 என்றும் வழங்குகின்றனர். அவ்வாறே 316 என்பது 1.4401, 410 என்பது 1.4006, 202 என்பது 1.4373. விவசாயி ஒருவர் இரண்டு விலைப்பட்டியல்களை என்னிடம் காட்டினார். ஒன்றில் 304 என்றும் மற்றதில் 1.4301 என்றும் கண்டிருந்தது. நீண்ட எண்ணே உயர்ந்த சரக்கென்று கருதி அதிக விலை கொடுக்கத் துணிந்திருந்தார். கரியின் உச்ச வரம்பு ஐரோப்பிய விதியில் 0.07 சதவீதம், ஜப்பானிய விதியில் 0.08 என்பது போன்ற சிறு பேதங்கள் உண்டெனினும், நம் உபயோகத்துக்கு இரண்டும் ஒன்றே.

நாம் கவனிக்க வேண்டிய பேதம் வேறு. 304-ல் நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது. 202-ல் அது 4 முதல் 6 வரையே. குறைவை மாங்கனீஸைக் கொண்டு ஈடு செய்கிறார்கள். 316-ல் மாலிப்டினம் 2 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதால் உப்பு நீரின் அரிப்பை அது நன்கு தாங்குகிறது. தோல் பதனிடும் கழிவினால் கிணறுகள் உப்பேறியுள்ள இடங்களில் 304-லும் புள்ளி புள்ளியாய்க் குழி விழக்கூடும். நல்ல நீர் உள்ளவர்களோ 316-க்குப் பணம் செலவிடத் தேவையில்லை. ஆதலால் முதலில் நீரைச் சோதிப்பித்தல் அவசியம்.

நிற்க. காந்தத்தை வைத்துப் பார்ப்பதை நம்பற்க. நிக்கல் குறைந்த 202 காந்தத்தில் ஒட்டுவதில்லை. பம்பின் தண்டுக்கு உதவும் 410 ஒட்டும். எனவே காந்தத்தை நம்புவோர் நல்லதைத் தள்ளி மட்டத்தைக் கொள்ள நேரும்.

எனது அபிப்பிராயம் யாதெனில், ரசீதில் "எவர்சில்வர்" என்ற சொல் மட்டும் போதாது. ரகத்தின் எண்ணும், அது எந்தத் தேசத்து விதிப்படி என்பதும் எழுதப்பட வேண்டும். பால் கேன் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தாரும், குடிநீர்ப் பம்புக்கு விலைப்புள்ளி கோரும் கிராம அதிகாரிகளும் இதை முதலில் அனுஷ்டித்தால் மற்றவர்களும் பின்பற்றுவர். எண் எழுத மறுக்கும் கடையில் சரக்கு வாங்காதிருப்பதே உத்தமம்.