இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்கள்!

நடு நிசி. குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. செல்போனை எடுத்து டாக்டரைக் கூப்பிடுகிறீர்கள். நீங்கள் பேசுகிற பேச்சு ஆகாயத்தில் எழும்பி, ஊர்க்கோடியில் நிற்கிற கோபுரத்தைப் போய்ச் சேருகிறது. கோபுரத்தோடு சேர்ந்து ஒரு பெட்டி இருக்கும். வெளியே பார்த்தால் பீரோ மாதிரி வெகு சாது. உள்ளேயோ சந்தைக் கடை!

அந்தச் சந்தையின் வியாபாரிகள் யார் தெரியுமா? 'டிஜிடல் ஸிக்னல் பிராசஸர்' என்னும் சில்லுகள். பெருக்குவதும் கூட்டுவதும்தான் இவற்றின் வேலை. துடைப்பத்தால் அல்ல, எண்களை! வானொலி அலையை எண்களாக மாற்றிக் கொடுத்துவிட்டால், ஓயாமல் பெருக்கிக் கூட்டி, இரைச்சலை வடிகட்டிவிட்டு உங்கள் குரலை மட்டும் எடுத்துக் கொடுக்கும். 1982-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்திய சில்லு, விநாடிக்கு 50 லட்சம் கட்டளைகளை நிறைவேற்றியது. 2005-இல் அதே கம்பெனி கொண்டுவந்த வாரிசின் இதயமோ விநாடிக்கு 100 கோடி முறை துடித்தது!

"அப்படியானால் ஒரு சில்லு போதுமே?" என்கிறீர்களா? போதாது. கோபுரத்திடம் பேசுவது நீங்கள் ஒருவர்தானா? ஊரே பேசுகிறது. ஆகவே பல சில்லுகளைக் கூட்டாக வைத்து வேலையைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். இங்கேதான் வந்தது வம்பு. ஒன்று முடித்த கணக்கு இன்னொன்றுக்குப் போக வேண்டும். அது முடித்தது மூன்றாவதற்கு.

முன்பெல்லாம் எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவாக ஒரே பாதைதான். ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு குழாய் போதும். நாற்பது பேர் இருக்கிற வீட்டில் குடுமிப்பிடிச் சண்டைதான்!

இந்தச் சண்டையைத் தீர்க்க உதவியது ஒரு பழைய யுக்தி. 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே ஒரே யோசனையைச் சொன்னார்கள். அணுகுண்டு விழுந்து பாதித் தந்திக் கம்பி அறுந்தாலும் மீதிக் கம்பியில் செய்தி போக வேண்டும் என்பது பாரனுக்குக் கவலை. பல பேர் ஒரு கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது டேவிஸுக்குக் கவலை. இருவரும் கண்ட வழி ஒன்றுதான்: செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்கு, ஒவ்வொன்றின் தலையிலும் விலாசம் எழுது, அனுப்பு! அந்தத் துண்டுக்குப் 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ். 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'அர்ப்பாநெட்' வலையில், பாக்கெட்டுகளைப் பிரித்து அனுப்ப ஒவ்வோர் இடத்திலும் பீரோ அளவு யந்திரம் வேண்டியிருந்தது.

அந்தப் பீரோவின் வேலையை உள்ளங்கையில் அடங்கும் சில்லாகச் சுருக்கினால்? மோட்டரோலாவும் மெர்க்குரி கம்ப்யூட்டர் ஸிஸ்டம்ஸும் 1990-களின் இறுதியில் இதற்காகவே 'ராபிட் ஐஓ' என்ற முறையை வகுக்கத் தொடங்கின. பின்னால் பல கோபுரப் பெட்டிகளில் இது குடியேறியது.

இதன் சட்டதிட்டங்கள் நம் தபாலாபீஸையே தோற்கடிக்கும்! ஒரு பாக்கெட்டில் 256 பைட்டுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது. நடுவில் உட்கார்ந்திருக்கும் ஸ்விட்ச் சில்லு, விலாசத்தைப் பார்த்ததும் பட்டியலைப் புரட்டி, சரியான வாசலில் தள்ளிவிடும். அனுப்பியவர் பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பார். வாங்கியவர் கணக்குப் போட்டுச் சரிபார்த்து, "சேதமில்லை" என்று சொன்ன பிறகே அந்தப் பிரதியை விடுவார். சேதமானால் உடனே மறுபடி அனுப்புவார். இவ்வளவையும் செய்வது கம்பியும் சில்லுமேதான். புரோகிராமுக்குத் தொந்தரவே இல்லை. ஏன் இத்தனை அவசரம்? 4ஜி முறையில், உங்கள் போன் அனுப்பிய துண்டு சரியாக வந்ததா இல்லையா என்று கோபுரம் பொதுவாக 4 மில்லி விநாடியில் பதில் சொல்லியாக வேண்டும். கண் இமைக்க ஆகும் நேரத்தில் இது எத்தனையோ பங்கில் ஒரு பங்கு!

ஆனால் ஓர் ஆபத்து பாக்கி இருக்கிறது. ராமு என்ற சில்லும் சோமு என்ற சில்லும் ஒருவரையொருவர் மாறி மாறித் தகவல் கேட்கிறார்கள் என்று வையுங்கள். வழியெல்லாம் கேள்விகள் நிறைந்துவிட்டன. ராமு ஒரு பதிலை வெளியே அனுப்பினால்தான் அடுத்த கேள்வியை வாங்கிக்கொள்ள இடம் கிடைக்கும். பதிலோ, தனக்கு முன்னால் நிற்கும் கேள்விகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்விகள் நகர வேண்டுமானால் சோமு வாங்கிக்கொள்ள வேண்டும். சோமுவுக்கும் இதே கதி! எந்தச் சில்லும் பழுதாகவில்லை. எந்தக் கம்பியும் அறுந்துபோகவில்லை. ஆனாலும் எல்லாம் கப்சிப். டாக்டரோடு பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றால் எப்படி இருக்கும்?

இதற்கு என்ன பரிகாரம்? டவுன் பஸ்ஸில் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துவாரே, "முதலில் இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்க ஸார்!" என்று, அதுதான் பரிகாரம். இறங்குகிறவர் இறங்கினால் இடம் காலியாகும். காலியானால் ஏறுகிறவர் ஏறலாம். ராபிட் ஐஓ முறையில் பாக்கெட்டுகளுக்கு 0 முதல் 3 வரை நாலு அந்தஸ்துகள் உண்டு. ஒரு கேள்விக்குரிய பதிலுக்கு, அந்தக் கேள்வியைவிடக் குறைந்தது ஒரு படியாவது உயர்ந்த அந்தஸ்து. எந்தக் கேள்வியும் 2-க்கு மேல் ஏறக் கூடாது. உச்சியில் இருக்கும் 3-வது படி பதிலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. வழியில் எத்தனை கூட்டம் இருந்தாலும், பதில் வந்தால் அதைவிடத் தாழ்ந்த அந்தஸ்துள்ள கேள்விகள் ஒதுங்கி நிற்க வேண்டும்.

வேகம் எவ்வளவு கூடினாலும் வழி அடைபடாது என்ற உத்தரவாதத்தை அது தராது. யார் யாருக்கு வழி விடுவது என்ற ஒழுங்குதான் அதைத் தருகிறது. நேயர்களே, நம் வீடுகளிலும் கேள்விகளுக்குக் குறைவில்லை. கேட்டவர் சற்று ஒதுங்கி நின்று பதில் வெளியே வர இடம் கொடுத்தால், எத்தனை சச்சரவுகள் தீர்ந்துவிடும்!