மாங்காய்க்கு விலை வைப்பது யார்?

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கோடை என்றால் மாங்காய் இறக்கும் காலம். இரண்டு ஏக்கர் தோப்புக்காரன் பெண்டு பிள்ளைகளோடு காய் பறிக்கிறான். சாலையோரம் பந்தல் போட்டு, செந்தூராவையும் மல்கோவாவையும் கூடையில் வைத்து விற்கிறான். நடுவில் தரகன் இல்லை. விற்ற காசு கைக்கு வருகிறது. நல்லதுதான்!

ஆனால் பந்தலில் விற்பது சில கூடைகளே. தோப்பில் மிகுதியாகக் காய்ப்பது பெங்களூரா. அதை வாங்குவது மாங்கூழ் ஆலை. நெல்லைக் குதிரில் கொட்டி வைத்துக் காத்திருக்கலாம். இறக்கிய மாங்காய் காத்திருக்குமா? ஆலை வாசலில் லாரி நிற்க நிற்கக் காய் அழுகும். இது ஆலை முதலாளிக்கு நன்றாகத் தெரியும். அவன் சொன்னதே விலை!

அந்த விலை பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கட்டாவிட்டால், காய் மரத்திலேயே கிடந்து உதிர்கிறது. தோப்புக்காரன் மட்டுமா நஷ்டப்படுகிறான்? காய் பறிப்பவனுக்கும், தரம் பிரிக்கும் பெண்ணுக்கும் அன்றையக் கூலி போகிறது.

விலை நிர்ணயிக்க முடியாது என்பது வெறும் சாக்கு. 2025-ல் விலை சரிந்தபோது, ஆந்திர அரசு இதே காய்க்குக் கிலோ 12 ரூபாய் என்று நிர்ணயித்தது: ஆலை 8, அரசு 4. ஆனால் விலை விழுந்த பிறகு வரும் உதவி போதாது. காய் இறங்குமுன்பே விலையை அறிவிக்க வேண்டும். ஆலை அதைக் கொடுக்கிறதா என்று எடைமேடையிலேயே கண்காணிக்க வேண்டும். விலை ஏறினால் பறிகூலியும் ஏற வேண்டும்.

சிறு விவசாயியும் கூலியாளும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது. தனித்தனியே கேட்டால் ஆலை வாசல் திறக்காது!