சங்கீதம் வாசித்தவன் எங்கே?

"சினிமாப் பாட்டுக்கு ராயல்டி கேட்பது பேராசை" என்று ஒரு கூட்டம் பல வருஷங்களாக ஓயாமல் பேசி வருகிறது. 2017-ம் ஆண்டில், தமது பாட்டுகளை மேடையில் பாடுவதற்கு அனுமதி பெற வேண்டும் என்று இளையராஜா, பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது இந்தக் கூச்சல் உச்சத்துக்குப் போயிற்று. "பட முதலாளியிடம் பேசிய பணத்தை வாங்கிக்கொண்டார், வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அவருக்கு என்ன பாத்தியதை?" இதுதான் இவர்களுடைய வாதத்தின் சாரம். டீக்கடையிலும் இதைக் கேட்கலாம். படித்தவர்கள் கூடும் இடத்திலும் கேட்கலாம். தொழிற்சங்கத்துக்குத் தவறாமல் சந்தா கட்டும் நம் தோழர்கள் சிலரும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொரு கூட்டமும் உண்டு. விஸ்வநாதன் பெரியவரா, இளையராஜா பெரியவரா, ரஹ்மான் பெரியவரா என்று மல்லுக்கட்டுவதே இவர்கள் வேலை. இவர்களுக்குச் சங்கீதம் என்பது ஒரு மேதையின் தலையிலிருந்து தானாக இறங்கிய வரப்பிரசாதம்.

ஒரு கூட்டம் முதலாளிக்காக வாதாடுகிறது. மற்றொன்று மேதைக்காக வாதாடுகிறது. ஆனால் வாத்தியத்தைக் கையில் எடுத்து வாசித்தானே ஒருவன், அவனை இரண்டு கூட்டமும் மறந்துவிடுகின்றன.

ஆலை முதலாளியின் பழைய பாட்டு

"கூலி கொடுத்தாயிற்று, இனி உனக்கென்ன?" என்ற பேச்சு நமக்குப் புதிதா? போனஸ் கேட்ட பஞ்சாலைத் தொழிலாளியிடம் ஆலை முதலாளி சொன்னது இதே வார்த்தைதானே? "சம்பளம் வாங்கினாய், லாபத்தில் உனக்கு ஏது பங்கு?" என்றான். தொழிலாளி அதை ஏற்கவில்லை. போராடினான். 1965-ல் போனஸ் சட்டம் வந்தது.

சினிமாப் பாட்டின் கதை இன்னும் மோசம். ஆலைத் துணி ஒரு முறைதான் விற்கும். ஒரு பாட்டு இசைத்தட்டில் விற்றது, வானொலியில் ஒலித்தது, காஸெட்டில் விற்றது, டெலிவிஷனில் வந்தது, கைப்பேசி மணியாக விற்றது, இன்று இணையத்தில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய யந்திரம் வந்தபோதெல்லாம் உரிமையாளனுக்குப் புதிய வரும்படி கிடைத்தது. சங்கீதத்தைச் செய்தவனுக்கோ என்றோ ஒருநாள் கொடுத்த தொகைதான் கணக்கு. இது நியாயம் என்று தொழிலாளி ஒருவன் சொன்னால், அவன் தன் சொந்தப் போனஸுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறான்.

சட்டம் யார் பக்கம் நின்றது?

1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் சினிமாவின் முதல் உரிமையாளராகப் பட முதலாளியை வைத்தது. பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டி கேட்டு நடத்திய வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1977-ல் தீர்ப்பு வந்தது: காசு கொடுத்துச் செய்யச் சொன்னவர் பட முதலாளி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமையும் அவருக்கே!

அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். மெட்டமைத்தவரைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா, அதைப் பாடி வாசித்து உயிர் கொடுக்கும் கலைஞனுக்கு உரிமையே இல்லை என்பது நம் நாட்டுக்கு அடுக்குமா, பார்லிமெண்ட் இதைக் கவனிக்க வேண்டாமா என்பது அதன் கருத்து. எழுதியவர் யார்? 1957-ல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த கம்யூனிஸ்ட் மந்திரி சபையில் மந்திரியாக இருந்தவர்!

பார்லிமெண்ட் கவனிப்பதற்கு 35 வருஷம் ஆயிற்று. 2012-ல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைப் பட முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று சொன்னது. இது நல்ல வெற்றி. ஆனால் அதிலும் ஒரு விலக்கு: சினிமாக் கொட்டகையில் படத்தோடு சேர்ந்து ஒலிக்கும்போது இந்தப் பங்கு கிடையாது. கொட்டகைக்காகவே பின்னணி சங்கீதம் செய்யப்படுகிறது. அங்கேதான் அதற்கு ராயல்டி இல்லை!

பத்து விரலும் பல பேருடையவை

மேதை பூஜை செய்கிறவர்களிடம் ஒன்று கேட்போம். நீங்கள் கொண்டாடும் சங்கீதம் எப்படி உண்டாயிற்று என்று தெரியுமா?

சத்யஜித் ராயின் "பதேர் பாஞ்சாலி" (1955) படத்துக்கு ரவிசங்கர் இசையமைத்தார். அவருக்கு நேரம் இல்லை. ஒரே இரவில் பதிவு முடிந்தது. மகளைப் பறிகொடுத்த தாய் கதறும் இடத்தில் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. தார் ஷெனாய்தான் கதறுகிறது. அதை வாசித்தவர் தட்சிணா மோகன் தாகூர். புல்லாங்குழல் அலோக் தே. விட்டுப்போன சில இடங்களுக்கு சிதார் வாசித்தவர் படத்தின் காமிராக்காரர் சுப்ரதா மித்ரா! ரவிசங்கரின் பெருமை இதனால் ஒரு குன்றிமணியும் குறையாது. ஆனால் அந்தக் கதறலை அவர் ஒருவரே உண்டாக்கினார் என்பது பொய்.

பம்பாய்க்குப் போவோம். ஹிந்திப் படங்களின் பெரிய வாத்திய கோஷ்டிகளை அந்தக் காலத்தில் தாங்கி நின்றவர்கள் கோவாவிலிருந்து வந்த வாத்தியக்காரர்கள். மெட்டு ஒருவருடையது, அதை எந்த வாத்தியம் எங்கே எப்படி வாசிக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தவர்கள் செபாஸ்டியன் டிசௌஸா, ஆண்டனி கொன்சால்வெஸ் போன்றவர்கள். 1977-ல் வந்த "அமர் அக்பர் ஆண்டனி"யில் ஆண்டனி கொன்சால்வெஸ் என்ற பாத்திரத்தைப் பார்த்து நாடே சிரித்தது. அது அந்தப் படத்தின் இசையமைப்பாளர்களில் ஒருவரான பியாரேலாலுக்கு வயலின் கற்றுக் கொடுத்த ஆசிரியரின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் சென்னையில் மட்டும் என்ன வாழ்ந்தது? விஸ்வநாதன் - ராமமூர்த்தியின் சங்கீதத்தைக் கேட்டு உருகுகிறோம். அக்கார்டியன் மங்களமூர்த்தி, ஷெனாய் சத்யம், சிதார் ஜனார்த்தன், டிரம்ஸ் நோயல் கிராண்ட், கிதார் பிலிப்ஸ் என்ற பெயர்களை எத்தனை ரசிகர்கள் சொல்வார்கள்? இளையராஜாவே வாத்தியக்காரராக இருந்து வந்தவர்தானே? அண்ணன் பாவலர் வரதராஜனோடு நம் கட்சி மேடைகளில் வாசித்து வளர்ந்தவர், பிறகு ஜி.கே.வெங்கடேஷின் கோஷ்டியில் கிதார் வாசித்தவர். 1976-ல் "அன்னக்கிளி" வந்திராவிட்டால் அவர் பெயரும் இந்தப் பட்டியலில்தான் மறைந்திருக்கும்.

எம்.பி.எஸ். காட்டிய வழி

இந்த அநியாயத்தைக் கண்டவர்களில் ஒருவர் வெறுமனே புலம்பவில்லை. அவர் எம்.பி.சீனிவாசன். மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். 1960-ல் நிமாய் கோஷ் இயக்கிய "பாதை தெரியுது பார்" படத்துக்கு அவர்தான் சங்கீதம். பட்டுக்கோட்டையும், கே.சி.எஸ்.அருணாசலமும், ஜெயகாந்தனும் அதற்குப் பாட்டெழுதினார்கள். முற்போக்காளர்கள் கூடி எடுத்த படம். பெரிய முதலாளிகளின் பலம் இல்லாததால் கொட்டகைகளில் நிலைக்கவில்லை. பாட்டுகள் நிலைத்தன. அடூர் கோபாலகிருஷ்ணனின் "எலிப்பத்தாயம்" (1981) போன்ற மலையாளப் படங்களிலும் எம்.பி.எஸ். சங்கீதத்தைப் பார்க்கலாம். கொட்டி முழக்காமல், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு மட்டும் ஒலிப்பது அது.

இசையமைப்பாளராகத் தனிக்காட்டு ராஜாவாக அவர் இருந்திருக்கலாம். அவரோ வாத்தியக்காரர்களைச் சங்கத்தில் சேர்த்தார். நிமாய் கோஷும் அவரும் தென்னிந்திய சினிமாத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டுவதில் முன்னின்றார்கள். பதிவுக்கூடத்து வாத்தியக்காரனும் உழைப்பாளியே என்று சொல்லி, அதை ஸ்தாபனமாக்கியும் காட்டினார்கள். 1988-ல் எம்.பி.எஸ். மறைந்தார். அவர் தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது.

பெயர் போடாததின் மர்மம்

சட்டத்தில் இருக்கும் ஒரு கண்ணியைத் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

1994 திருத்தம் பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் முதல் முறையாகச் சில உரிமைகளைத் தந்தது. ஆனால் சினிமாவுக்கு வாசிக்க ஒப்புக்கொண்டவுடன் அவை போய்விடும் என்றும் சொன்னது. 2012 திருத்தம், வணிகத்துக்குப் பயன்பட்டால் அவருக்கும் ராயல்டி உண்டு என்றது. வாத்தியக்காரனுக்கு விடிவு வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அதே திருத்தத்தில் இன்னொரு வாசகம் இருக்கிறது. சினிமாவில் ஒருவருடைய பங்கு "தற்செயலானது" என்றும், தொழிலின் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை என்றும் இருந்தால், இந்த ராயல்டி விஷயத்தில் அவர் "நிகழ்த்துபவர்" என்ற கணக்கிலேயே சேரமாட்டார்!

இதன் பொருள் என்ன? பெயர் போடும் வழக்கத்தை வைத்திருப்பவன் முதலாளி. போடாமல் இருப்பதும் அவனே. போடாததையே காட்டி "நீ யார்?" என்று கேட்கவும் அவனுக்கே வழி திறந்து வைத்திருக்கிறது சட்டம். ஆகவே படத்தின் பெயர் வரிசையில் வயலின்காரன் பெயர் இல்லாதது மறதியல்ல. அந்தப் பெயருக்குப் பின்னால் பணம் இருக்கிறது.

பாடகர்கள் 2013-ல் தங்கள் உரிமைக்கென்று ஸ்தாபனம் கட்டினார்கள். பிறகு அதில் வாத்தியக்காரர்களுக்கும் இடம் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் பாடகர் குரலை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். இருபது வயலின்களில் ஏழாவது வயலின் தன்னுடையது என்று ஒருவன் எதைக் காட்டி நிரூபிப்பான்? அவனுக்குப் பெயர்தான் பத்திரம்.

"நூறு பேர் பெயரைத் திரையில் போட முடியுமா?" என்று கேட்பார்கள். கணினி சித்திர வேலை செய்தவர்களின் பெயர்கள் இன்று நிமிஷக்கணக்கில் ஓடுகின்றனவே! நன்றி சொல்லும் பிரமுகர்கள், வங்கிகள், நகைக்கடைகள் பெயர்களுக்கு இடம் இருக்கிறதே! நூறு வாத்தியக்காரர்களுக்கு ஒரு நிமிஷம் இல்லையா?

யந்திரம் யார் கையில்?

1986-ல் "புன்னகை மன்னன்" படத்தில் கணினி சங்கீதம் வந்தது. 1992-ல் "ரோஜா"வோடு புதிய ஒலிக்கு நாடே காது கொடுத்தது. நல்ல சங்கீதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு பதிவுக்கூடங்களில் கூட்டம் குறையத் தொடங்கியது. இன்று ஒரு வாத்தியக்காரனின் வாசிப்பைத் துண்டு துண்டாகப் பதிந்து கணினியில் அடைத்துவிட்டால், அவன் இல்லாமலே ஆயிரம் படத்துக்கு அவனை வாசிக்கச் செய்யலாம். பெரிய கோஷ்டி தேவைப்பட்டால் புடாபெஸ்டுக்கும் ஸ்கோப்யேவுக்கும் போகிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்திருக்கிறது. பழைய சங்கீதத்தையெல்லாம் விழுங்கிப் புதியது செய்து தருகிறேன் என்கிறது.

யந்திரத்தை உடைக்கச் சொல்பவர்கள் அல்ல நாம். புடாபெஸ்ட் வயலின்காரனும் நமக்குச் சகோதரனே. நம் கேள்வி ஒன்றுதான்: யந்திரம் விழுங்கியது யாருடைய உழைப்பு, அதன் பலன் யாருக்குப் போகிறது?

1932-ல் ஜெர்மனியில் "கூலே வாம்பே" என்ற தொழிலாளர் படத்துக்கு இசையமைத்த ஹான்ஸ் ஐஸ்லர் ஒன்று செய்தார். திரையில் இடிந்த வீடுகளும் வறுமையும் தெரிந்தபோது அழுகை வாசிக்கவில்லை. வேகமும் கூர்மையும் கொண்ட சங்கீதத்தை வைத்தார். பார்ப்பவன் இரங்கி அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது, எதிர்த்து நிற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். கம்யூனிஸ்ட் என்பதற்காக 1948-ல் அமெரிக்கா அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. வாத்தியக்காரர் நிலை கண்டு நாமும் அழவேண்டியதில்லை. கேட்கவேண்டியது இவை:

1. படத்தில் வாசித்த ஒவ்வொருவர் பெயரும் திரையிலும், இணையத்தில் பாட்டு வெளியாகும் இடத்திலும் இருக்க வேண்டும்.

2. பெயர் இல்லாதவனுக்கு உரிமை இல்லை என்ற சட்ட வாசகம் நீக்கப்பட வேண்டும்.

3. கொட்டகை வசூலுக்கு அளித்த ராயல்டி விலக்கு ரத்தாக வேண்டும்.

4. வாத்தியக்காரனின் வாசிப்பைக் கணினியில் அடைப்பதற்கும், செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுப்பதற்கும் அவன் சம்மதமும் தனிக் கூலியும் கட்டாயமாக வேண்டும்.

இசையமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலாளியிடம் உங்கள் பங்கைக் கேட்கிறீர்கள். உங்கள் பக்கம் நிற்கிறோம். அதே வாயால் உங்கள் கோஷ்டியின் பங்கையும் கேளுங்கள். அப்படிக் கேட்டால், பேராசை என்று உங்களைப் பழிக்க எவனுக்கும் நா எழாது.