கேட்டவர்களும் பேசியவர்களும்

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள், மேல்வகுப்புகளுக்காக இடையில் சில வாரங்கள் திறந்ததை விட்டுவிட்டால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1-ஆம் தேதியும், கீழ்வகுப்புகளுக்கு நவம்பர் 1-ஆம் தேதியும்தான் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதையும் கழித்தல் கணக்கையும் எவ்வளவு மறந்தார்கள் என்று ஆய்வுகள் வந்தன, வரவேண்டியவைதான். ஒரு கதையைப் படித்துவிட்டு “எனக்கு அப்படித் தோணலையே” என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லும் பழக்கம் என்ன ஆயிற்று என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை. பாடத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தால் படிப்பு நடந்துவிடும் என்று நம்பினோம். இலக்கியத்துக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. நாலு பேர் கூடிப் பேசாத இடத்தில் கதை வெறும் வினாவிடையாகச் சுருங்கிவிடும். முடிந்துபோன தொற்றுக்காலத்தை இப்போது ஏன் கிளறவேண்டும் என்றால், வீட்டிலிருந்து படிப்பது முடிந்துபோகவில்லை. கோடை விடுமுறை, மழை விடுமுறை, தனித்தேர்வர்கள், தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிப்பவர்கள் என்று நம் தேனி மாவட்டத்தில் எந்த நாளிலும் ஒரு கூட்டம் வீட்டில் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருக்கிறது.

கேட்பதற்கும் கேட்டுவிட்டுப் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் நாட்டிலேயே ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1956-இல் அகில இந்திய வானொலியின் புனே நிலையம், யுனெஸ்கோ துணையுடன், 150 ஊர்களில் வானொலி மன்றங்களை அமைத்தது. கனடாவில் 1941-இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றம் அதற்கு முன்மாதிரி. ஊருக்கு இருபது பேர் அளவில் ஒரு குழு. வாரம் இருமுறை அரைமணி நேர நிகழ்ச்சி. முடிந்ததும் வானொலியை அணைத்துவிட்டுக் கேட்டதைப் பற்றிப் பேசவேண்டும். டாடா சமூக அறிவியல் கழகத்தார் மன்றம் இருந்த ஊர்களையும், வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களையும், இரண்டுமே இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு நன்றாக உயர்ந்திருந்தது. வானொலி மட்டும் இருந்த ஊர்கள் அதற்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தன. உரத்தையும் கால்நடையையும் பற்றிய செய்திக்கே பேச்சு இவ்வளவு தேவைப்பட்டதென்றால், ஒரு சிறுகதைக்கு எவ்வளவு தேவைப்படும்? 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்ட கல்வித் தொலைக்காட்சி, பள்ளி மூடியபோது பெரிய உதவியாக இருந்தது. அதைக் குறைசொல்ல நியாயமில்லை. தொலைக்காட்சியை அணைத்த பிறகு கூடிப் பேச ஒரு மன்றத்தை நாம் அமைக்கவில்லை, குறை அங்கேதான்.

நம் மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் குறை இன்னும் கூடுதலாகவே தைத்தது. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போகும் குடும்பங்களில், கைப்பேசியும் அவர்களோடு மலையேறிவிடும். அது வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். பகல் பத்து மணி இணைய வகுப்பு யாருக்காக நடந்தது? நாட்டின் ஊரகக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் 2021 ஆய்வின்படி, பள்ளிப் பிள்ளைகளில் 67.6 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி இருந்தது. அது இருந்த வீடுகளிலும் 26.1 விழுக்காட்டுப் பிள்ளைகளின் கைக்கு வரவே இல்லை. குரங்கணி, அகமலைப் பக்கத்து மலையூர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

இதைவிட வருத்தமானது வேறொன்று. பேசுவதற்கான பொருள் அந்த நாட்களில் நம் வாசலிலேயே கிடந்தது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கி.ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி விரிவானமாக இருக்கிறது: பசியாலும் நடையாலும் சோர்ந்து வரும் ஒரு வழிப்போக்கனுக்கு, வயலில் வேலை செய்பவர்கள் தங்கள் கஞ்சியைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். விருந்தோம்பல் என்று தலைப்பிட்டு மதிப்பெண் வாங்கும் பாடம் அது. 2020 மார்ச்சில் வண்டிகள் நின்றபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து காட்டுவழியாகப் போடிப் பக்கம் நடந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் காட்டுத்தீயில் சிக்கி, ஒரு குழந்தை உட்படச் சிலர் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட ஊர்ப் பிள்ளைகளிடம் கோபல்லபுரத்து வழிப்போக்கனைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் விருந்தோம்பல் என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றிருப்பார்களா? அதே புத்தகத்தில் கு.அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’ உண்டு: நோயாளியாக வந்து நிற்கும் ஒருவனைச் சுற்றியிருப்பவர்கள் பாரமாகப் பார்க்க, எங்கோ இருக்கும் ஓர் ஏழை நண்பன் மட்டும் அவனை நினைத்துக் கடிதமும் பணமும் அனுப்புகிறான். தொற்று வந்த வீட்டின் முன் தகரம் அடித்ததைப் பார்த்த தலைமுறைக்கு இதைவிடப் பொருத்தமான கதை தமிழில் அதிகம் இல்லை. அந்தப் புத்தகத்திலேயே உள்ள ‘பாய்ச்சல்’ கதையை எழுதிய சா.கந்தசாமி 2020 ஜூலை 31 அன்றும், கி.ரா. 2021 மே 17 அன்றும் மறைந்தார்கள். தாங்கள் படிக்கும் புத்தகத்தின் இரண்டு ஆசிரியர்கள் போய்விட்டார்கள் என்பதைப் பற்றி அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும், இலக்கியம் பிறகு என்பார்கள். புனே மன்றங்களில் உட்கார்ந்திருந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். பேச்சுக்கு அது தடையாகவில்லை. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது நம் திண்ணைகளுக்கும் பழக்கமானதுதான். அடுத்த வரியில் என்ன நடக்கிறது என்ற ஆவலைவிடப் பிள்ளையை எழுத்தை நோக்கி இழுக்கும் விசை வேறெதுவும் இல்லை. மதிப்பெண்ணுக்கு உதவாது என்ற மறுப்புக்கு அந்த ஆண்டுகளே பதில் சொல்லிவிட்டன. 2020-லும் 2021-லும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லாமலே எல்லாரும் தேர்ச்சி பெற்றார்கள். தேர்வுக்காக மட்டும் படித்தவர்களுக்கு, தேர்வு போனதும் புத்தகத்தைத் திறக்கக் காரணமில்லாமல் போனது. கூடிப் பேசும் பழக்கம் உள்ளவர்களுக்கு வேறொரு காரணம் மிச்சமிருந்திருக்கும். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை என்பது உண்மைதான். இதை அவர்கள் மேல் ஏற்றக் கூடாது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, மாலை வேளையில் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டலாம், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், முன்வருவார்கள் என்று காட்டியது. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. விரிவானமும் துணைப்பாடமும் கனம் பெறும் வயதில் பிள்ளைகளுக்கு அப்படியொரு மாலைநேரம் இல்லை.

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. வாரத்துக்கு ஒரு கதை, ஐந்தாறு பேர், இரவு ஏழு மணிக்குமேல், கைப்பேசி வீட்டுக்கு வந்த பிறகு. காணொலி வேண்டாம், சாதாரண அழைப்போ குரல்பதிவோ போதும். புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தால் சரி: ‘பாய்ச்சல்’ கதைச் சிறுவன் அனுமார் வேடக்காரரிடம் கற்றுக்கொண்டானா, தானாகவே வளர்ந்தானா? பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும் கொடைக்கானல் பண்பலை வாரம் ஒரு சிறுகதையை வாசித்து ஒலிபரப்பினால் கைப்பேசியே இல்லாத வீடும் இதில் சேரும். தன் பெயரின் முதலெழுத்தில் சின்னமனூரைத் தாங்கிய சி.சு.செல்லப்பா, 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ நடத்தியவர், புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவர்களோடு பேசினார். அவர் மண்ணில் இருந்துகொண்டு ஓர் அழைப்பு விடுக்கச் சோம்பலாமா?

பதில் சொல்லக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. தெருவில் கூடினால், அந்தக் கூட்டம் அந்தத் தெருவின் சாதியாகவே இருக்கும். பள்ளிக்கூட வகுப்பறை, எத்தனை குறைகள் இருந்தாலும், தெருக்களைக் கலக்கிறது. நம் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல, நல்ல கதை ஒன்றைப் படித்ததால் மட்டும் தீர்ந்துவிடுவதும் அல்ல. இதற்கு முழு விடை நம்மிடம் இல்லை. ஆனால் குழுவைத் தெருவாரியாகப் பிரிக்காமல் வகுப்பு வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பிரிக்கலாம். குரலுக்குத் தெரு எல்லை கிடையாது. மாதம் ஒருமுறை நேரில் கூடுவதை ஊர்ப்புற நூலகத்திலோ பள்ளித் தாழ்வாரத்திலோ வைத்துக்கொள்ளலாம், யார் வீட்டுத் திண்ணையிலும் வேண்டாம். வேலைக்குப் போய்வரும் குடும்பத்துப் பிள்ளைகள் வர முடிகிற நேரத்தில், இரவு எட்டு மணிவரை, அந்த நூலகம் திறந்திருக்கவேண்டும்.