உலைப் பானையில் ஐந்து பூதங்கள்

எங்கள் வீட்டில் வார நாட்களில் குக்கர் சாதம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்பானையில் உலை வைத்து வடிப்பேன். போன ஞாயிறு நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் அடுக்களை வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, எதுக்கெடுத்தாலும் உடம்புல பஞ்சபூதம் இருக்குன்னு சொல்றியே, அது எங்கே இருக்கு? நான் படிச்ச புத்தகத்துல ஒண்ணும் காணோமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதோ, இந்தப் பானையைப் பாரு" என்றேன்.

பானை மண், அரிசியும் மண்ணில் விளைந்ததுதான். உள்ளே நீர். அடியில் நெருப்பு. அந்த நெருப்பு எரியக் காற்று வேண்டும். காஸ் அடுப்பில் பர்னரின் துவாரம் அடைத்துக்கொண்டால் சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கரி பிடிக்கிறதே, அது காற்று போதாததால்தான். ஐந்தாவது ஆகாயம். அது பானைக்குள் இருக்கும் வெற்றிடம். பானை நிறைய அரிசியைத் திணித்தால் சோறு வேகுமா? பொங்கி அடுப்பை அணைத்துவிடும்!

ஆயுர்வேதம் நம் சரீரத்தையும் இப்படித்தான் பார்க்கிறது. எலும்பு, சதை, நகம், பல் போன்ற கெட்டியானவை மண். ரத்தம், உமிழ்நீர், வியர்வை ஆகியவை நீர். ஜீரண சக்தியும் உடம்புச் சூடும் நெருப்பு. மூச்சும் அசைவும் காற்று. வாய், மூக்கு, வயிறு, காது இவற்றுக்குள் இருக்கும் இடைவெளி ஆகாயம். இவை கூடித்தான் மூன்று தோஷங்கள். காற்றும் ஆகாயமும் சேர்ந்தது வாதம். நெருப்பும் நீரும் சேர்ந்தது பித்தம். மண்ணும் நீரும் சேர்ந்தது கபம். நம் பாட்டிமார்கள் 'வாயு', 'பித்தம்', 'கபம்' என்று சொன்னதெல்லாம் இதுதான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் 'நெருப்பு இத்தனை, காற்று இத்தனை' என்று எந்தக் காகிதத்திலும் வராது. உடம்பைப் புரிந்துகொள்ளப் பெரியவர்கள் வகுத்த ஒரு பார்வை இது. அன்றாடப் பழக்க வழக்கங்களுக்கு நல்ல வழிகாட்டி. ஆனால் அரைகுறையாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆகாயம். வயிற்றை நான்கு பாகமாக நினைத்துக்கொண்டு, இரண்டு பாகம் உணவு, ஒரு பாகம் நீர் போக, ஒரு பாகத்தைக் காலியாக விடச் சொல்கிறது வாக்படரின் 'அஷ்டாங்க ஹ்ருதயம்'. குழந்தை தட்டில் மீதம் வைத்ததை, வீணாகிறதே என்று வாயில் போட்டுக்கொள்கிறோமே, அப்போதெல்லாம் அந்தக் கால் பாகத்தைத்தான் அடைக்கிறோம்.

அடுத்து நெருப்பு. முன்பு சாப்பிட்டது ஜீரணமாகிப் பசி எடுத்த பிறகே அடுத்த வேளை. அணைகிற அடுப்பில் பச்சை விறகைத் திணித்தால் புகைதானே வரும்? பசி மந்தமாக இருந்தால் சாப்பாட்டுக்கு முன் சிறு துண்டு இஞ்சியை உப்பில் தொட்டு மெல்லலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பு வேண்டாம்.

மண்ணுக்கு நான் நம்புவது கேழ்வரகைத்தான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் கூழோ அடையோ செய்தால் குழந்தைகளுக்கும் நல்லது, எலும்பு தேயும் வயதை நெருங்கும் நமக்கும் நல்லது.

காற்று விஷயத்தில் பெண்களாகிய நாம்தான் அதிகம் தப்புச் செய்கிறோம். இயற்கையாக எழும் வேகங்களை அடக்கினால் வாயு கெடும் என்று சரக சம்ஹிதை சொல்கிறது. அடக்கக் கூடாதவை என்று அது சொல்பவை 13. சிறுநீர், மலம், தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தூக்கம் எல்லாம் அதில் உண்டு. கண்ணீர்கூட உண்டு! பஸ் பயணம், கல்யாண மண்டபம் என்றால் 'அங்கே வசதி இருக்குமோ என்னமோ' என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல், வந்த சிறுநீரையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அப்புறம் எரிச்சல், கடுப்பு, காய்ச்சல் என்று அவதிப்படுகிறோம். அந்தப் பதின்மூன்றில் தாகமும் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், நீரைப் பற்றிச் சொல்ல வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்தவள் அல்லவா அந்தக் கதைக்குச் சொந்தக்காரி!

2006 மே மாதம். அவளுக்குப் பதினொரு மாதம். ஒரு ராத்திரி வாந்தியும் பேதியும் தொடங்கிற்று. விடிவதற்குள் எட்டுத் தடவை. வீட்டில் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். "தண்ணி குடுக்காதே கண்ணு, குடுக்கக் குடுக்க இன்னும் போகும். பாலையும் நிறுத்து. வயிறு காயட்டும்" என்றார் என் மாமியார். குழந்தையின் மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நீர் அதிகமாகி வெளியே போகிறது, ஆகவே நீரை நிறுத்து என்று நானும் கணக்குப் போட்டேன். குழந்தை தம்ளரைப் பார்த்துப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் தம்ளரை மறைத்து வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை நடுங்குகிறது.

மத்தியானம் அவள் அழுதபோது கண்ணில் நீர் வரவில்லை. உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்னடி இது, புள்ள காஞ்சு போயிருக்கு!" என்று ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பேதியில குழந்தைக்கு ஆபத்து பேதியால இல்லைம்மா, தண்ணீரும் உப்பும் வத்திப் போறதாலதான்." இரண்டு நாள் நரம்பில் மருந்து நீர் ஏற்றி அவளை மீட்டுக் கொடுத்தார்.

பானை கொதித்து வற்றினால் என்ன செய்வோம்? நீர் ஊற்றுவோம். ஊற்றாவிட்டால் அடி பிடிக்கும், பானையே விண்டு போகும். தினம் அடுப்படியில் செய்கிற காரியம், குழந்தை விஷயத்தில் எனக்குத் தோன்றவில்லை. தாகத்தை அடக்காதே என்ற சரகரின் வார்த்தையும் அன்று எனக்குத் தெரியாது.

1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, கல்கத்தா மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அதைத்தான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். வீட்டில் எப்போதும் இரண்டு பொட்டலம் இருக்கட்டும். செய்ய வேண்டியவை இவை:

பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ, காய்ச்சி ஆறிய நீரில் அதே அளவில் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எல்லாம் தலை தட்டிய அளவு. கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு முறை பேதியானதும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரையை டாக்டர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்றுவிட்டதே என்று நடுவில் விட்டுவிடாதீர்கள்.

கண் குழி விழுதல், அழுதால் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, துவண்டு கிடத்தல், எதையும் குடிக்க முடியாமை, மலத்தில் ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இதற்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளைத் தேற்றியது யார் தெரியுமா? என் மாமியார்தான். நெற்பொரியை வேகவைத்து, மசித்து, சிட்டிகை உப்புப் போட்டுக் கஞ்சியாக ஊட்டினார். வாந்தி பேதிக்குப் பொரிக்கஞ்சியை ஆயுர்வேதமும் சொல்லியிருக்கிறது. நீர், உப்பு, மாவு மூன்றும் அதில் இருக்கின்றனவே! பழைய வைத்தியத்தில் பழுது இல்லை, எங்கள் அரைகுறை அறிவில்தான் பழுது.

கதையைக் கேட்டு முடித்த மகள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து, வற்றிக்கொண்டிருந்த பானையில் ஒரு சொம்பு வெந்நீரை ஊற்றினாள். பிறகு சர்க்கரை, உப்பு அளவை ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள். நீங்களும் இன்றே ஒட்டிவிடுங்கள், சகோதரிகளே!

அடுத்த இதழில், இந்த ஐந்து பூதங்களிலிருந்து ஆறு சுவைகள் பிறந்ததைப் பார்ப்போம்.