கைதுக்கு முன்னால் கணக்கு

திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் வழக்கில் கோவை டான்பிட் சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை, 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். அந்த நிறுவனம் பொதுமக்களிடம் வசூலித்ததாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 930 கோடி. பணம் வராமல் மக்கள் காவல் நிலையம் ஏறியது 2009-ல். இடையே 13 ஆண்டுகள் போய்விட்டன. தண்டனையின் அளவில் அது பெரிய தீர்ப்பு, மறுக்க முடியாது. ஆனால் மகள் கல்யாணத்துக்கென்று 2009-ல் பணம் போட்ட ஒருவருக்கு 2022-ல் வரும் தீர்ப்பு என்ன செய்துவிட முடியும்?

இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் மாநில அரசின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் ஆய்வாளராகவோ, துணைக் கண்காணிப்பாளராகவோ, அதற்கு மேலோ இருந்து வழக்குகளை நடத்துபவர்கள். உங்கள் மேசைக்கு ஒரு நிதி மோசடி வழக்கு வந்தவுடன் உங்கள் முதல் கடமை எது என்று கேட்டால் நம் பதில் இதுதான்: போன பணம் இப்போது எங்கே, எந்த உருவத்தில், யார் பெயரில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை அசையாமல் நிறுத்துவது. கைது அதற்குப் பிறகு வரலாம், கூடவே வரலாம். அதற்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் வழக்கு கெடுகிறது.

தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் (டான்பிட்) 1997-ல் வந்ததன் காரணமே இது. ஏமாற்றியவனைச் சிறையில் போட அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420 போதுமாக இருந்தது. பணத்தை மீட்டுப் பிரித்துக் கொடுக்க அதில் வழியிருக்கவில்லை. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது அந்தக் குறை வெட்டவெளிச்சமானது. அதனால்தான் சொத்தை முடக்கவும், ஏலம் விடவும், பணம் போட்டவர்களுக்கு விகிதப்படி பங்கிடவும் தனிச் சட்டம் எழுதினார்கள். உச்ச நீதிமன்றம் 2011-ல் இதைச் செல்லும் என்று உறுதி செய்தது. தண்டனைப் பிரிவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு முடக்கப் பிரிவைக் கிடப்பில் போடுகிற அதிகாரி இந்தச் சட்டத்தில் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை.

முதல் வாரத்தில் வழக்கமாக என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அலுவலகத்துக்கு சீல், இரண்டு இயக்குநர்கள் கைது, பத்திரிகைக் குறிப்பு. அந்த ஒரு வாரத்துக்குள் மைத்துனர் பெயருக்கு ஒரு செட்டில்மெண்ட் பத்திரம், ஓட்டுநர் பெயரில் ஒரு பவர் பத்திரம், நகைக்கடையில் ஒரு பெரிய பில் என்று பணம் நடக்கத் தொடங்கிவிடும். எஃப்.ஐ.ஆர். பதிவான அன்றே வங்கிகளுக்கும் பதிவுத்துறைக்கும் கடிதம் போயிருக்க வேண்டும். கணக்கை நிறுத்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவு இருக்கிறது. நிறுத்தியதை நடுவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. நடுவருக்கான இந்த ஒரு கடிதத்தை அனுப்ப மறந்ததால் உயர் நீதிமன்றத்தில் கணக்கைத் திறந்துவிட நேர்ந்த வழக்குகள் உண்டு. கீழே இருப்பவர் மறக்கலாம். மேற்பார்வை செய்பவர் மறக்கக் கூடாது.

நிலத்தில் வேலை இன்னும் நுணுக்கமானது. வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் மூன்றையும் எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் அவை சொல்லும். யாருடைய பணத்தில் வாங்கியது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். பத்திரத் தேதியையும் நிறுவனக் கணக்கிலிருந்து பணம் எடுத்த தேதியையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்தால், நீதிபதி எளிதாகப் புரிந்துகொள்வார். நல்லெண்ணமின்றிச் சொத்தைப் பெற்றுக்கொண்ட மூன்றாம் நபரையும் சட்டம் விடுவதில்லை. நிறுவனத்தின் சொத்து போதாதபோது இயக்குநர், பங்குதாரர், மேலாளரின் சொந்தச் சொத்து வரைக்கும் முடக்கம் நீளும். இதற்கெல்லாம் அடிப்படை அந்த ஒரு தாள். அதை ஆடிட்டர் தயாரிக்கட்டும் என்று விட்டுவிடாமல் மூத்த அதிகாரியே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

அதற்குப் பிறகுதான் வழக்குகள் தூங்கத் தொடங்குகின்றன. முடக்க முன்மொழிவு உள்துறைக்குப் போய் அரசாணையாக வர வேண்டும். மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) நிலைக்குக் குறையாத ஒருவர் தகுதி பெற்ற அதிகாரியாக அதை எடுத்துக்கொண்டு சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நீதிமன்றம் முடக்கத்தை உறுதி செய்த பிறகே ஏலம். சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவு தவறிவிட்டால் கோப்பு திரும்பி வரும். டி.ஆர்.ஓ.வுக்கு நில எடுப்பு முதல் தேர்தல் வரை நூறு வேலை. இந்தக் கோப்புக்காக அவர் கதவைத் தட்டுவது தன் வேலை இல்லை என்று விசாரணை அதிகாரி நினைத்தால் அந்தச் சொத்து ஏலத்துக்கு வராது. வழக்கை நடத்துகிறவர் மூன்று துறைகளுக்கு இடையே நடந்துகொண்டே இருக்க வேண்டும். இதை எந்தப் பணி விதியும் அவருக்கு எழுதித் தரவில்லை.

தாமதம் எவ்வளவு கொடியது என்பதற்குப் பெருந்துறை ஈமு கோழி வழக்குகளே சாட்சி. 2012-ல் நிறுவனங்கள் கவிழ்ந்தபோது எஞ்சிய முக்கியச் சொத்தே பறவைகள்தான். தீனியில்லாமல் அவை சாகத் தொடங்கின. கடைசியில் அரசு தலையிட்டு அவற்றைப் பராமரிக்க வேண்டியதாயிற்று. நிலம் காத்திருக்கும், காருக்குத் துருவேறும், பறவை செத்துப்போகும். எந்தச் சொத்தை முதலில் விற்க அனுமதி கேட்க வேண்டும் என்பதை முடக்கிய வாரத்திலேயே முடிவு செய்வது விசாரணையின் பகுதி.

முகவர்கள் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2022-ல் வெடித்த ஆருத்ரா கோல்டு வழக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், 2,400 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. இவ்வளவு பேரிடம் இயக்குநர்கள் நேரில் போய்ப் பணம் வாங்கவில்லை. தெருவுக்குத் தெரு ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், சுய உதவிக் குழுத் தலைவி. இவர்களில் பலர் தங்கள் பணத்தையும் போட்டவர்கள். இப்படி ஒரு முகவர் குற்றவாளியா, பாதிக்கப்பட்டவரா? முகத்தையும் கண்ணீரையும் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. கணக்கைப் பார்க்க வேண்டும். எவ்வளவு போட்டார், வட்டியாகவும் கமிஷனாகவும் எவ்வளவு எடுத்தார், நிறுவனம் தடுமாறுகிறது என்று தெரிந்த பிறகும் புதிதாக ஆள் சேர்த்தாரா? மூன்றாவது கேள்விக்கான விடை அவருடைய வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். எல்லா முகவர்களையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்தால் நல்ல சாட்சிகளை இழப்போம். யாரையும் சேர்க்காவிட்டால் அவர்கள் அடுத்த நிறுவனத்துக்கு ஆள் சேர்க்கப் போவார்கள், போகிறார்கள். இந்தத் தெரிவு மூத்த அதிகாரியினுடையது, இளையவர் தலையில் போடக் கூடாதது.

இதே கணக்கு பணம் போட்டவர்களுக்கும் வேண்டும். முதலில் சேர்ந்து போட்டதைவிட அதிகம் எடுத்துவிட்டவரும் புகார் கொடுப்பார். கடைசி மாதத்தில் சேர்ந்து ஒரு ரூபாய்கூடத் திரும்பப் பெறாதவரும் கொடுப்பார். இருவரின் கோரிக்கையையும் ரசீதுத் தொகையை மட்டும் வைத்து ஒன்றாக எழுதினால் பின்னவருக்கு அநியாயம். போட்டதிலிருந்து பெற்றதைக் கழித்த நிகரத் தொகை முதல் வாக்குமூலத்திலேயே பதிவாக வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்கள் நம் பக்கம் நிற்பார்கள் என்று எண்ணிக்கொண்டு விசாரணைக்குப் போகிறவர் ஏமாந்து போவார். 2024 ஜனவரியில் கோவை நீலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டதற்கு எதிராகத்தான் கூடினார்கள். "போலீஸ் வந்ததால்தான் பணம் நின்றது" என்ற பேச்சை முகவர்கள் பரப்புவார்கள். அதை நம்புகிறவர்கள் முட்டாள்கள் அல்லர், பணத்தை இழந்துவிடுவோமோ என்று நடுங்குகிறவர்கள். அவர்களிடம் நாம் பேசாமல் இருந்தால் வேறொருவர் பேசுவார். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-வது பிரிவு இப்போது சட்டமாகவே சொல்கிறது. ஒரு வரிக் குறுஞ்செய்தியோடு அதைக் கழித்துவிடாதீர்கள். மாவட்டத் தலைநகரில் ஒரு மண்டபத்தில் கூட்டி, எந்தச் சொத்து முடக்கப்பட்டது, எது நீதிமன்றத்தில் இருக்கிறது என்று ஒரு மணி நேரம் சொன்னால் அடுத்த ஆறு மாதத்துக்கு மக்கள் நம்பிக்கையோடு காத்திருப்பார்கள்.

மின்னணுச் சான்றுக்கு வருவோம். சர்வரைப் பிரதி எடுத்தால் ஹாஷ் மதிப்போடு பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் கட்டாயம். சோதனையை வீடியோ எடுப்பதும் இப்போது கட்டாயம். இவற்றில் விவாதிக்க ஒன்றுமில்லை.

நேர்மையைப் பற்றிப் பேச நமக்குத் தயக்கமில்லை. பாசி வழக்கு 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்களிடமே பணம் பறித்ததாகக் காவல்துறையினர் மீது புகார் எழுந்ததுதான் பின்னணி. பெருந்தொகை புரளும் வழக்கில் இந்தச் சபலம் எல்லா நிலையிலும் வரும். தரகர் வருவார், வழக்கறிஞர் வழியாக வருவார், உடன் வேலை பார்த்தவர் வழியாகவும் வருவார். குற்றம் சாட்டப்பட்டவரையோ அவர் ஆட்களையோ அலுவலகத்துக்கு வெளியே எந்த மூத்த அதிகாரியும் சந்திக்கக் கூடாது. உள்ளே சந்தித்தாலும் கேஸ் டைரியில் எழுதாமல் இருக்கக் கூடாது. மேலிடத்திலிருந்து வாய்மொழியாக வரும் அறிவுறுத்தலுக்கும் இதுவே விதி: எழுத்தில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் கேட்டதை எழுதி வையுங்கள்.

கடைசியாக மாறுதல். இந்த வழக்குகள் பத்தாண்டு ஓடுகின்றன, அதிகாரி இரண்டு மூன்று ஆண்டில் போய்விடுகிறார். அடுத்தவர் பெட்டி பெட்டியாகக் காகிதத்தைப் பார்த்து முதலிலிருந்து தொடங்குகிறார். துறை இதற்கு ஒரு படிவம் வகுக்க வேண்டும்: ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு சொத்துப் பதிவேடு. சொத்தின் விவரம், சர்வே எண், பணத் தொடர்புக்கான ஆதாரம், முன்மொழிவுத் தேதி, அரசாணை எண், சிறப்பு நீதிமன்றத்தில் மனு எண், அடுத்த விசாரணை நாள். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் இருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் பொறுப்பில் உள்ள வழக்குகளுக்கு இந்த மாதமே அந்தப் பதிவேட்டைத் தொடங்குங்கள். தொடங்கியவர்கள் அதில் என்ன சிக்கல் கண்டீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.