மறை நூலுக்கு மற்றொரு குகையா?

புதைந்து கிடக்கும் வேத நூலைக் கண்டெடுப்பது ஒரு காரியம். கண்டெடுத்ததை உலகத்தார் வாசிக்கும்படி செய்வது வேறொரு காரியம். முன்னது தற்செயலாகவும் நடந்துவிடும். பின்னதற்கு மனிதருடைய நியாய புத்தி வேண்டும். சாக்கடல் தோற்சுருள்களின் சரித்திரத்தை அறிந்தவர்கள் இவ்வுண்மையை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

சாக்கடலின் வடமேற்குக் கரையில் கும்ரான் என்ற இடம் இருக்கிறது. அங்குள்ள குன்றுகளில் 1947-ம் வருஷ வாக்கில் ஆடு மேய்த்துத் திரிந்த அரபு இடையர் சிலர், ஒரு குகைக்குள் மண் ஜாடிகளைக் கண்டனர். அக்குகையிலிருந்து ஏழு சுருள்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று ஏசாயா தீர்க்கதரிசியின் ஆகமம். ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அச்சுருளில் 66 அதிகாரங்களும் அநேகமாகப் பழுதின்றி இருக்கின்றன. அதுகாறும் அறிஞர் கையிலிருந்த ஹீப்ரு முழுப் பிரதிகளைவிட அது சுமார் 1,000 வருஷம் முந்தியது. யூதரும் கிறிஸ்தவரும் ஒருங்கே போற்றும் ஒரு நூலுக்கு இத்தகைய பழம்பிரதி கிடைத்தது சாமானிய விஷயமன்று.

முதற் குகையின் சுருள்கள் சில வருஷங்களில் பெரும்பாலும் அச்சேறின. தொல்லை பிறகுதான் ஆரம்பித்தது. 1952-ல் நான்காவது குகை அகப்பட்டது. அதில் கிடைத்தவை சுமார் 15,000 துண்டுகள். 500-க்கு மேற்பட்ட சுவடிகளின் சிதைவுகள். அப்பொழுது கிழக்கு ஜெருசலேம் ஜோர்டான் ஆட்சியில் இருந்தது. துண்டுகளைப் பொருத்திப் படிக்கும் வேலை ஒரு சிறு அறிஞர் குழுவிடம் ஒப்புவிக்கப்பட்டது. யூதருடைய முன்னோர் எழுதிய நூல்களை ஆராய அமைந்த அக்குழுவில் ஆதியில் யூதர் ஒருவரேனும் இல்லை!

அக்குழுவினரின் உழைப்பை நாம் குறைத்துப் பேச மாட்டோம். நகத்தளவே உள்ள தோல் துணுக்குகளை, எது எதனோடு சேரும் என்று பல்லாண்டு நோக்கிய பொறுமை போற்றத்தக்கதே. ஆனால் அவர்கள் வகுத்துக்கொண்ட விதி யாது? எவர் பங்குக்கு எந்தச் சுவடி வந்ததோ, அவர் அச்சிடும் வரையில் பிறர் அதைக் காணலாகாது என்பதே. பங்காளி காலஞ்சென்றால், அவர் பங்கு அவருடைய சிஷ்யரையோ நண்பரையோ சேர்ந்தது. பிதிரார்ஜித சொத்துக்கூட இவ்வளவு ஒழுங்காகக் கைமாறுவதில்லை! 1967-ம் வருஷ யுத்தத்தின் பின் சுவடிகள் இருந்த கட்டிடம் இஸ்ரேல் வசமாயிற்று. ஆட்சி மாறியும் பூட்டு மாறவில்லை. இவ்வாறு ஏறக்குறைய நாற்பது வருஷம் கழிந்தது.

1991 செப்டம்பரில் பூட்டு உடைந்தது. அக்குழு தன் உபயோகத்துக்காகச் சில பிரதிகளே அச்சிட்டிருந்த சொல்லகராதி ஒன்றைக் கொண்டு, அமெரிக்க அறிஞர் இருவர் கணிப்பொறியின் துணையால் மூல வாக்கியங்களையே திரும்பக் கோத்து வெளியிட்டனர். அதே மாதத்தில் கலிபோர்னியாவிலுள்ள ஹண்டிங்டன் புத்தகசாலை, தன்னிடமிருந்த போட்டோப் பிரதிகளை ஆராய்ச்சியாளர் யாவரும் பார்க்கலாம் என்று அறிவித்தது. இஸ்ரேல் அதிகாரிகளும் வேறு வழியின்றித் தடையைத் தளர்த்தினர். நாற்பது வருஷம் நகராத வேலை அடுத்த இருபது வருஷத்தில் பெரும்பாலும் முடிந்தது. 2012 முதல் அச்சுருள்களின் படங்களை யாவரும் இணையத்தில் காணலாம்.

அவசரப்பட்டு வெளியிட்டால் பிழை மலியும், மதத்துக்குக் கேடு வரும் என்று ஆட்சேபிப்பவர் உண்டு. நடந்தது நேர்மாறு. மூடி வைத்திருந்த காலத்திலேயே, கிறிஸ்து மதத்துக்குப் பாதகமான இரகசியங்களை ரோமாபுரியார் மறைக்கின்றனர் என்ற வதந்தி உலவிற்று. திறந்து பார்த்தபின் அத்தகைய இரகசியம் ஒன்றும் இல்லை என்று தெளிவாயிற்று. இருட்டிலே வளர்ந்த சந்தேகம் வெளிச்சத்தில் மடிந்தது.

பாடுபட்டவனுக்குப் பாத்தியதை இல்லையா என்பது மற்றொரு கேள்வி. சட்டத் தொழிலில் பழகிய நமக்கு இது அற்பமாகத் தோன்றவில்லை. ஆறு சிதைந்த பிரதிகளிலிருந்து 121 வரிகளைக் கோத்த ஓர் அறிஞர், தம் அனுமதியின்றி அவை அச்சிடப்பட்டதால் வழக்காடினார். இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2000-ல் அவருக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது. கோத்த வாசகத்தில் அவருடைய புத்தியும் உழைப்பும் கலந்திருப்பதால், அத்தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. ஆயினும் கோத்த வாசகம் வேறு, குகையில் கிடந்த தோல் வேறு. புதையலைத் துலக்கியவனுக்குக் கூலியும் கீர்த்தியும் உண்டு; புதையல் அவனுடையதன்று. ஈராயிரம் வருஷத்துக்கு முன் எழுதியவர்கள் எவருக்கும் அதைச் சாஸனம் செய்துவிட்டுப் போகவில்லை.

ஆகவே எந்நாட்டிலாயினும், எம்மதத்தினதாயினும், பழைய மறை நூல் ஒன்று அகப்பட்டால் மூன்று காரியங்கள் தாமதமின்றி நடைபெற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முதலாவதாக, அதன் படங்களைப் பல புத்தகசாலைகளில் வைத்து யாவரும் பார்க்க விட வேண்டும். இரண்டாவதாக, பதிப்பிப்பவருக்குக் காலவரை விதிக்க வேண்டும். மூன்றாவதாக, அந்நூலைத் தமது என்று போற்றும் ஜனங்களுக்கு ஆராய்ச்சியில் இடமளிக்க வேண்டும். ஜாடியில் இட்டு ஒளித்தவர்கள் பகைவருக்கு அஞ்சி ஒளித்தார்கள் என்று கொள்ளலாம். அறிஞர் யாருக்கு அஞ்சி ஒளிப்பது?